முகமறியாப் பெண்ணின் முடங்கல்

ஒருதலைக் காமத்திற்குக் கைக்கிளை எனப் பெயரிட்டு, அதனை அகத்திணை ஏழனுள் முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். ஒத்த அன்பின் ஐந்திணைக்குச் சங்கத் தொகைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. கைக்கிளைக்கு எடுத்துக்காட்டாக நிற்பனவோ மிகச் சில. இலக்கணம் முதலிடம் தந்த ஒன்றற்கு இலக்கியம் இத்துணைச் சிறிய இடமே தந்தது ஏன் என்னும் வினா தமிழாய்வார்க்குப் புதியதன்று. அவ்வினாவிற்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஒருதலைக் காமம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, அதனை அதன் எல்லைவரை கொண்டுசென்று காட்டும் மேலைநாட்டுப் படைப்பு ஒன்றை ஈண்டு ஆராய்வாம். அது நூலன்று; திரைப்படம். ஹாலிவுட்டில் உருவாகி 1948ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அறியப்படாத பெண் ஒருத்தியின் மடல்’ என்பது அதன் பெயர். மடல் என்றவுடன் பனங்கருக்கு மாவை நினைப்போர் உளராதலின், ஈண்டு அச்சொல் கடிதம் என்னும் பொருளிலேயே ஆளப்படுகின்றது என்பதனை முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

படத்தை இயக்கியவர் மாக்ஸ் ஓபுல்ஸ். 1902இல் ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில் பிறந்த யூதர். 1933இல் நாட்டை விட்டு வெளியேறிப் பிரான்சிலும், பின்னர் 1941 முதல் அமெரிக்காவிலும் வாழ்ந்தவர். போருக்குப்பின் பிரான்சுக்குத் திரும்பி 1957இல் மறைந்தவர். மூலக்கதையை எழுதிய ஸ்டெபான் ஸ்வைக் வியன்னாவிற் பிறந்தவர், அவரும் நாடிழந்தவரே, 1942இல் பிரேசில் நாட்டில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர் பிரான்ஸ் பிளேனர் 1933இலேயே ஓபுல்சின் ‘லீபெலை’ என்னும் வியன்னாக் காதற்படத்தைப் பதிவு செய்தவர். ஆக, படத்திற் காணும் 1900ஐ ஒட்டிய வியன்னா நகரம், அதனை இழந்தோர் கலிபோர்னியாவின் படப்பிடிப்பு நிலையத்தில் மரத்தாலும் சாந்தாலும் எழுப்பிய நகரமாகும். திரைக்கதை ஹோவர்டு கோச் எழுதியது. தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மன். தலைவி லிசாவாக ஜோன் பான்டேனும், தலைவன் ஸ்டெபான் பிராண்டாக லூயி ஜோர்டானும் நடித்தனர். 1992இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பெற்றது.

கதை இது: வியன்னாவில் மழை பெய்யும் ஓர் இரவில் ஸ்டெபான் வீடு திரும்புகின்றான். ஒருகாலத்தில் புகழ்பெற்ற பியானோக் கலைஞன். இப்பொழுது வாசிப்பதை விட்டவன். விடியலில் அவன் ஒருவனோடு தனிப்போர் புரிதல் வேண்டும். அவனோ போருக்கு நிற்கும் எண்ணம் இலன். பின்வாயில் வழியே ஊரை விட்டுப் போய்விடக் கருதிப் பெட்டியை அடுக்கச் சொல்கின்றான். அவ்வேளையில் ஊமைப் பணியாளன் ஜான் ஒரு கடிதத்தைத் தருகின்றான். எழுதியவள் யார் என்பதை அவன் அறியான். படிக்கத் தொடங்குகின்றான், படிக்கப் படிக்க இரவு கழிகின்றது. நாம் காணும் படம் முழுவதும் அக்கடிதமே.

சிறுமியாக இருந்தபொழுது தன் குடியிருப்பின் மேல்தளத்திற்கு அவன் குடிவந்த நாள் முதல் அவனை விரும்பியவள் லிசா. முற்றத்து ஊஞ்சலில் அமர்ந்து அவன் வாசிப்பைக் கேட்பாள். தாய் மறுமணம் செய்துகொண்டு லின்ஸ் நகருக்குப் புறப்படுகையில், புகைவண்டி நிலையத்தினின்றும் தப்பி ஓடிவந்து அவன் வாயிலில் இரவெல்லாம் காத்திருக்கின்றாள். அவன் வேறொருத்தியோடு படியேறி வருகின்றான். சில ஆண்டுகள் கழித்து வியன்னாவிற்கு மீண்டு, ஆடைக்கடை ஒன்றில் பணிபுரிந்துகொண்டு, மாலைதோறும் அவன் சாளரத்தின் கீழ் நிற்கின்றாள். ஒருநாள் அவன் அவளைக் காண்கின்றான். ஓர் இரவு அவளுக்குக் கிடைக்கின்றது. இரு வாரத்தில் வருவேன் என்று சொல்லி மிலான் நகருக்குச் சென்றவன் திரும்பி அவளைத் தேடவேயில்லை. அவள் மகனொருவனைப் பெறுகின்றாள். தந்தையின் பெயரைச் சொல்ல மறுக்கின்றாள். பின்னர் அனைத்தும் அறிந்தே அவளை மணந்துகொண்ட யோகான் ஸ்டௌபர் என்பவனோடு மதிப்பாக வாழ்கின்றாள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்து இசைநாடக அரங்கொன்றில் ஸ்டெபானை மீண்டும் காண்கின்றாள். எல்லாவற்றையும் விட்டு அவனிடம் போகின்றாள். அவனோ அவளை அறிந்துகொள்ளவில்லை. மகன் நச்சுக்காய்ச்சலால் இறக்கின்றான். அவளும் அதனாலேயே இறக்கின்றாள். அவனைத் தனிப்போருக்கு அழைத்தவன் அவள் கணவன் ஸ்டௌபரே என்பது இறுதியில் தெளிவாகின்றது.

1922இல் வெளிவந்த ஸ்வைக்கின் குறுங்கதையோடு இதனை ஒப்பிட்டால் மாற்றங்கள் பல. மூலத்தில் தலைவன் இசைக்கலைஞன் அல்லன், புகழ்பெற்ற புதினஆசிரியன். அவனுக்கு ‘ஆர்’ என்னும் ஓரெழுத்தே பெயர், அவளுக்கு அதுவுமில்லை. தாயோடு அவள் செல்லும் ஊர் இன்ஸ்புருக். கணவன் ஒருவனும் இல்லை, தனிப்போரும் இல்லை. மகனை வளர்க்கும்பொருட்டுச் செல்வர் சிலரின் துணையில் வாழ்பவளாகவே அவள் காட்டப்படுகின்றாள். இறுதிச் சந்திப்பின் மறுநாட் காலையில், அவள் கைக்கூட்டினுள் அவன் பணத்தாளைச் செருகுவதைக் கண்ணாடியிற் காண்கின்றாள். அக்கதையின் கொடிய இடம் இதுவேயாகும். அமெரிக்கத் திரைப்படத் துறையில் 1934 முதல் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்ட தயாரிப்பு நெறிமுறையின்கீழ் இத்தகைய காட்சியை எடுத்தல் எளிதன்று. எனவே பணத்தாள் போயிற்று, கணவன் வந்தான், தண்டனையாகத் தனிப்போரும் வந்தது. இவ்வளவில் மாற்றங்களைத் தணிக்கையின் விளைவு என்று தள்ளிவிடலாம். ஆனால் எழுத்தாளனைப் பியானோக் கலைஞனாக்கிய மாற்றத்திற்கு அந்த நெறிமுறை காரணமாதல் இயலாது. அது கலைபற்றிய முடிவு. அதனையே சிறிது நின்று நோக்குதல் வேண்டும்.

எழுத்தாளனை விரும்பும் பெண் அவன் நூலை வாங்கிப் படிக்கலாம். நூல் அவனைவிட்டுப் பிரிந்து அவள் கைக்கு வந்துவிட்டது. இசைப்போனின் கலையோ அவ்வாறு பிரிவதன்று. அவன் விரல் ஓய்ந்தால் அது இல்லை. அதனைப் பெறுவதற்கு அவன் இருக்குமிடத்தில் இருத்தல் வேண்டும். சுவருக்கு இப்பால் நின்றேனும் கேட்டல் வேண்டும். லிசா முதலில் விரும்பியது முகத்தை அன்று, ஒலியை. அவனை நேரிற் காணுமுன்னரே, வண்டியிலிருந்து இறங்கும் அவன் இசைக்கருவிகளையும் கலைப்பொருள்களையும் கண்டு வியக்கின்றாள். பின்னர்ப் பிரான்சு லிஸ்ட் இயற்றிய, ‘பெருமூச்சு’ எனப் பொருள்படும் பெயருடைய பயிற்சிப் பண்ணை அவன் வாசிக்கக் கேட்கின்றாள். அப்பண் படம் முழுவதும் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. அவன் அதனை ஓரிடத்திற் சரியாக வாசிக்க இயலாமல் சினந்து நிறுத்துகின்றான். முற்றத்தில் இருக்கும் சிறுமி அத்தடையையும் கேட்கின்றாள். அவன் குறையினை அறிந்தே விரும்பினாள் என்பதற்கு இது சான்று.

இசைப்போனுக்குக் கேட்போர் வேண்டும்; ஆனால் இன்னார்தாம் வேண்டும் என்பதில்லை. இன்று இருக்கையில் இருப்பவர் நாளை வேறொருவராகலாம். ஸ்டெபானின் தன்னலம் இவ்வகையினது. அவன் கொடியவன் அல்லன். பொய்யன் என்றுகூடச் சொல்ல இயலாது. அவளோடு இருக்கும் இரவில் அவளிடம் அவன் காட்டும் கனிவு மெய்யானதே. அதே கனிவு முன்னும் பலர்க்கு வழங்கப்பட்டது, பின்னும் வழங்கப்படும் என்பதே குறை. ஒரே உருப்படியை ஊர்தோறும் வாசிக்கும் கலைஞன், ஒவ்வோர் அரங்கிலும் மெய்யாகவே வாசிப்பதைப்போல அவன் காதலிக்கின்றான். லூயி ஜோர்டானின் நடிப்பில் இவ்வியல்பு நன்கு புலப்படுகின்றது. அவன் சிரிப்பு நம்மையும் ஒருகணம் நம்பவைத்துவிடுகின்றது. இங்ஙனம் நம்பவையாத ஒருவனாக அவனைக் காட்டியிருந்தால் லிசா அறிவிலி ஆகியிருப்பாள், படமும் வீணாகியிருக்கும்.

அவ்வோர் இரவின் காட்சிகளுள் பிராட்டர் பூங்காவில் நிகழ்வது தலையாயது. கூதிர்காலம், கூட்டமில்லை. நிலையாக நிற்கும் ஒரு பொம்மைப் புகைவண்டிப் பெட்டியினுள் இருவரும் அமர்கின்றனர். சாளரத்திற்கு வெளியே வெனிஸ் நகரும் சுவிட்சர்லாந்து மலைகளும் வரைந்த நெடுந்திரை சுருள் விரிந்து ஓடுகின்றது. வெளியே ஒரு முதியவர் மிதிகட்டையை மிதித்து அத்திரையை ஓட்டுகின்றார். ஓவியங்கள் தீர்ந்தவுடன், முன்பு கண்ட நாடுகளையே மீண்டும் காண்போம் என்று ஸ்டெபான் மேலும் காசு கொடுக்கின்றான். லிசா தன் தந்தையைப் பற்றிச் சொல்கின்றாள்: பயண விளம்பர ஏடுகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே தன்னை உலகெலாம் அழைத்துச்சென்றவர் அவர். இருக்குமிடத்தில் இருந்துகொண்டு செலவு மேற்கொள்ளல் அவளுக்குத் தந்தைவழிச் சொத்து. பூங்காவைக் கூதிர்காலத்திற் காண்பதே தனக்கு விருப்பம் என்றும், இளவேனிலில் அது எங்ஙனமிருக்கும் எனக் கற்பனை செய்துகொள்ளலாம் என்றும் அவள் கூறுவதும் அவ்வியல்பினதே. இப்பொய்வண்டிக்குப் பின்னர்ப் படத்தில் வரும் புகைவண்டிகள் மெய்யானவை. ஒன்றில் ஸ்டெபான் இரு வாரம் என்று சொல்லிப் போகின்றான். மற்றொன்றில், தாய் தன் வாழ்வை மாற்றிக்கொள்ளும் முனைப்பில், மகனை இரு வாரத்திற்கென்று ஏற்றியனுப்புகின்றாள். அவன் ஏறிய பெட்டி நோயால் தீண்டப்பட்டது. ஓவியத்தில் ஓடும் வண்டி யாரையும் கொண்டுபோகவில்லை. மெய்யாக ஓடியவை இருவரையும் கொண்டுபோயின.

படிக்கட்டு பற்றியும் கூறல் வேண்டும். இப்படத்தின் மையம் இதுவே என்பது எம் துணிபு. சிறுமி லிசா மேற்படியின் இருளில் ஒளிந்து காத்திருக்க, ஸ்டெபான் ஒருத்தியோடு சிரித்தவண்ணம் ஏறிவருவதை ஒளிப்பதிவுக் கருவி அவளுக்குப் பின்னிருந்து, மேலிருந்து, காண்கின்றது. ஆண்டுகள் சென்றபின் அதே ஸ்டெபான் லிசாவையே அழைத்துக்கொண்டு அப்படிகளில் ஏறுகின்றான். கருவி முன்னர் இருந்த அதே உயரத்தில், அதே இடத்தில் நிற்கின்றது. ஆனால் அங்கே இப்பொழுது சிறுமி இல்லை. அவ்விடம் வெறுமையாக உள்ளது. முன்பு அவள் கண்டதை இப்பொழுது யாம் காண்கின்றோம். படியேறிவரும் அவளோ அதனைக் காணவில்லை. தான் பெறுவது தனக்கே உரியது என்று அவள் மகிழ்கின்ற அந்நொடியிலேயே, அவள் வரிசையில் ஒருத்தி என்பதை அந்த இடம் நமக்குச் சொல்லிவிடுகின்றது. கடிதம் முற்றும் அவள் கூற்று; ஆயினும் படம் முற்றும் அவள் கூற்று அன்று. அவள் சொல்லுக்கும் நாம் காணும் காட்சிக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைப் போற்றாமல், இதனைக் கண்ணீர்க்கதை என்று கழிப்போர் படத்தில் பாதியைக் காணாதவரே.

இனி, இவள் காமம் எத்திணையின்பாற்படும்? கைக்கிளை என்று விரைந்து சொல்லிவிடலாம். எனினும் தொல்காப்பியர் அகத்திணையியலில் விளக்கும் கைக்கிளை, காமத்திற்கு நிரம்பா இளமையள்மாட்டு ஆண்மகன் கொள்ளும் வேட்கையாகும். அவன் சொல்கின்றான், மறுமொழி பெறான், சொல்லியதிலேயே இன்புறுகின்றான். படத்தில் இவை யாவும் தலைகீழாகின்றன. இளமையளே விரும்புகின்றாள், விரும்பப்படுவோன் முதிர்ந்தவன். தொல்காப்பியக் கைக்கிளைக்குச் சொல்லுதலே உயிர். லிசாவோ வாழ்நாள் முழுவதும் சொல்லவில்லை. இறக்கும் தறுவாயிலேயே எழுதுகின்றாள். மறுமொழி கிடைக்க இயலாத நிலையை அடைந்தபின்னரே வாய்திறக்கின்றாள். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கும் பெண்பாற் கைக்கிளை இதற்குச் சிறிது அணித்து. இன்னும் அணித்தாக நிற்பன, போரவைக் கோப்பெருநற்கிள்ளியைக் கருதி நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள். புறநானூற்றில் 83 முதல் 85 வரை அவை உள்ளன. அவன் மற்போரில் வல்லவன். அவனை ஊரே பார்க்கின்றது. அவன் உறையுமிடத்திற்கு அருகிலேயே இருந்தும் எய்த இயலாமல் பசந்த ஒரு பெண் பாடுகின்றாள். பலரும் காண வினைபுரிவோன்மேல், பலருள் ஒருத்தியாக நின்று கொண்ட வேட்கை என்னும் அளவில் இருவரும் ஒப்பர். நக்கண்ணையார் தம் நாணத்தையும் தாய்மேலுள்ள அச்சத்தையும் வெளிப்படச் சொல்கின்றார். லிசாவிடம் அச்சம் இல்லை. இவ்விடத்தில் இருவரும் வேறாவர்.

தெளிவு நீங்கிய காமத்தின் மிகுதியைப் பெருந்திணைக்கு உரியதாக்கினார் தொல்காப்பியர். லிசாவின் பிற்பகுதி வாழ்க்கை அதன்பாற்படும் என்பதே எம் கருத்து. இதனை மறுத்து, இவள் அன்பைக் கற்பு என்று போற்றுவோரும் இருக்கலாம். ஒருவனையே நினைத்து, வேறெதனையும் வேண்டாது, அவன் பொருட்டு அனைத்தும் துறந்தாள் அன்றோ என்பர். அவளும் தன்னை அங்ஙனமே கருதுகின்றாள். அவனிடம் ஒன்றும் கேளாத ஒருத்தியாகத் தான் இருக்க விரும்பியதாலேயே மகனைப் பற்றித் தெரிவிக்கவில்லை என்று எழுதுகின்றாள். இக்கூற்றில் தன்னலமின்மை எத்துணை உண்டோ அத்துணைச் செருக்கும் உண்டு. தந்தை யார் என்று அறியாமல் வளர்ந்தவன் அம்மகன். அறியாமலே இறந்தவனும் அவன். கேளாமையின் விலையைக் கொடுத்தவள் அவள் மட்டும் அல்லள். ஸ்டௌபரும் கொடுத்தான். குறையறிந்து ஏற்றுக்கொண்ட அவனிடம் படம் சிறிதும் இரக்கம் காட்டவில்லை. விறைப்பான உடையும் வாளும் உடையவனாக மட்டுமே அவனைக் காட்டி அகல்கின்றது. இது படத்தின் குறை என்றே சொல்லத் தோன்றுகின்றது.

அந்த ஸ்டௌபர் இசைநாடக அரங்கினின்றும் திரும்பும் வழியில் அவளை இடித்துரைக்கின்றான்: நன்மை தீமைகளைத் தேர்ந்துகொள்ள உனக்கும் உளவலி உண்டு என்பது அவன் கருத்து. தனக்கென ஒரு விருப்பம் என்றும் இருந்ததில்லை, ஸ்டெபானின் விருப்பமே தன்னுடையது என்னும் பொருள்பட அவள் விடையிறுக்கின்றாள். படம் இதுகாறும் காட்டியதோ இதற்கு நேர்மாறு. நிலையத்தினின்றும் ஓடிவந்தவள் அவளே. லின்சில் படைவீரன் ஒருவன் முறைப்படி மணம் பேச வந்தபொழுது, எனக்கு வியன்னாவில் ஓர் இசைக்கலைஞன் உளன் என்று பொய் புனைந்து அவனை விலக்கியவளும் அவளே. அவள்போல் உறுதியாக விரும்பித் தேர்ந்தவர் அப்படத்தில் வேறெவரும் இலர். தேர்ந்தவள் தான் தேரவில்லை என்று சொல்வதில்தான் அவள் துன்பத்தின் வேர் உள்ளது. அமெரிக்க மெய்யியலறிஞர் ஸ்டான்லி கேவல் 1996இல் வெளியிட்ட நூலில், இப்படத்தின் பெயரையே கொண்டு ‘அறியப்படாத பெண்’ பற்றிய ஹாலிவுட் படங்களை ஒரு தனிவகையாக வகுத்தார். அவ்வகையில் அவர் ஆராய்ந்த நான்கனுள் இஃது ஒன்று. தன்னை ஆடவன் அறியாமையே இவ்வகைப் பெண்களின் துயர் என்பது பொதுவாகப் பொருந்தும். லிசாவைப் பொறுத்தவரை, தன்னைத் தானே அறியாமையும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இறுதிச் சந்திப்பு இதனை மிக்க கடுமையுடன் காட்டுகின்றது. அவள் வெண்மலர்களுடன் வருகின்றாள். முதல் இரவில் அவன் அவளுக்குத் தந்ததும் வெண்ரோசா மலரே. கிரேக்கர் தாம் அறியாத தெய்வத்திற்கும் ஒரு சிலை அமைத்து, என்றேனும் வரும் எனக் காத்திருந்தனர் என்றும், தானும் அங்ஙனம் ஒரு பெண்தெய்வத்திற்காகக் காத்திருந்ததாகவும் ஸ்டெபான் கூறுகின்றான். கூறிக்கொண்டே மதுவருந்தக் கிண்ணம் தேடுகின்றான். அவன் சொல்வது மெய். வந்து நிற்பவளும் அவளே. அவனுக்கு அது புலப்படவில்லை. அவன் அறையின் மறுபுறம் சென்றிருக்கும் பொழுது அவள் வெளியேறுகின்றாள். வாயிலில் நிற்கும் பணியாளன் ஜான் அவளைப் பார்க்கும் பார்வையில், அவள் யார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதை உணர்கின்றோம். மூலக்கதையிலும் அவளை அடையாளம் கண்டவன் பணியாளன் ஒருவனே. அறிந்தவனைப் படம் ஊமையாக்கிவைத்தது.

மூலக்கதை பெயரின்றி முடிகின்றது. ஆண்டுதோறும் பிறந்தநாளில் வெண்ரோசாக்கள் நிறைந்திருந்த குவளை வெறுமையாக இருப்பதை எழுத்தாளன் காண்கின்றான். முகம் நினைவுக்கு வரவில்லை. அகப்பாடலில் ஒருவர் இயற்பெயர் சுட்டப்பெறின் அது புறமாகும் என்பது நம் மரபு. அவ்வகையில் ஸ்வைக்கின் கதை கடைசிவரை அகமாகவே நிற்கின்றது. படம் அங்ஙனம் முடியவில்லை. கடிதத்தின் இறுதியில், மருத்துவமனைத் துறவியர் எழுதிச்சேர்த்த இறப்புச் செய்தி இருக்கின்றது. ஸ்டெபான் தலைதூக்கி, அவளை உனக்கு நினைவிருக்கிறதா என்று ஜானிடம் வினவுகின்றான். ஊமையாகிய ஜான் எழுதுகோலை எடுத்து, லிசா பெர்ன்டில் என்று தாளில் எழுதிக் காட்டுகின்றான். ஊரை விட்டு ஓடக் கருதியவன் மேலங்கியை அணிந்துகொண்டு போருக்குப் புறப்படுகின்றான். கீழ்வாயிலைக் கடந்தவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கின்றான். கண்ணாடிக் கதவின் பின்னே, அவன் குடிவந்த நாளில் அதனைத் திறந்துவிட்டு நின்ற சிறுமி நிற்கின்றாள். மறுநொடி அவளைக் காணவில்லை. வெளியே ஸ்டௌபரின் வண்டி காத்திருக்கின்றது.